உலக வரலாற்று வினாடி வினா தயாரிப்பது எப்படி? கட்டம் போடுவதில் தொடங்கி முடிவுகளைப் படிப்பது வரை

எல்லாக் காலங்களையும் எல்லாப் பண்பாடுகளையும் தொட்டுச் செல்லும் ஒரு பொது அறிவு வினாடி வினாவை, முப்பது கேள்விகள் கொண்டதாக, முதன்முறை தயாரிப்பவருக்காக இதை எழுதுகிறேன். பல முறை தயாரித்தும் நடத்தியும் பார்த்திருக்கிறேன். புதியவர்கள் தயாரிப்பதைப் பக்கத்தில் இருந்தும் கவனித்திருக்கிறேன். அவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் அறிவுக் குறைவால் அல்ல, வரிசை மாறிப்போவதால்தான். முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியில் செய்தால், நல்ல கேள்விகளைக்கூடக் கிழித்துப் போட வேண்டி வரும். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போய்ப் பாருங்கள்.

1. தொடங்கும் முன் கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

ஒரு பெரிய தாள் அல்லது விரிதாள், நூறு சிறு அட்டைகள், நம்பகமான இரண்டு பொது வரலாற்று நூல்கள், நல்லதொரு வரலாற்று வரைபட நூல். இவ்வளவு போதும். வரைபட நூலைத் தேவையில்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள். எந்தப் பேரரசு எந்த நிலத்தில் இருந்தது என்பதைப் பார்க்காமல் எழுதிய கேள்வியில்தான் இன்றைய நாட்டின் பெயரும் அன்றைய பேரரசின் பெயரும் குழம்பிப்போகின்றன.

நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். முப்பது கேள்விகளை ஒரே மாலையில் எழுதிவிட முடியும். ஆனால் அவற்றைச் சரிபார்க்க அதைப்போல இரண்டு மூன்று மடங்கு நேரம் வேண்டும். அதைக் கணக்கில் வைத்து நாள் குறியுங்கள்.

2. யாருக்கு, எதற்கு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

மாணவர்களா, நண்பர் கூட்டமா, போட்டிகளுக்குப் போய்ப் பழகியவர்களா? குழுவாக ஆடுவார்களா, தனித்தனியாக எழுதுவார்களா? கேள்வியைக் காதால் கேட்பார்களா, கண்ணால் படிப்பார்களா?

கடைசிக் கேள்விதான் மிக முக்கியம். காதால் கேட்பவருக்கு முப்பது சொல்லுக்கு மேல் போனால் தலை எது வால் எது என்று தெரியாது. கண்ணால் படிப்பவருக்கு இன்னும் கொஞ்சம் நீளமாகக் கொடுக்கலாம். இதை இப்போதே முடிவு செய்யாவிட்டால், எல்லாக் கேள்விகளையும் பின்னால் வெட்டிச் சுருக்க வேண்டியிருக்கும்.

3. கேள்வி எழுதும் முன் கட்டம் போடுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடும் படி இதுதான். நேராகக் கேள்வி எழுத உட்காருகிறார்கள். மனதில் எது மேலாக மிதக்கிறதோ அதுதான் தாளில் இறங்கும். இரண்டாம் உலகப் போர், ரோமப் பேரரசு, பிரெஞ்சுப் புரட்சி, மறுபடியும் இரண்டாம் உலகப் போர். முப்பது முடிந்த பிறகு எண்ணிப் பார்த்தால் பாதிக்கு மேல் ஐரோப்பா. அப்புறம் "ஆப்பிரிக்காவுக்கு ஒன்று சேர்த்துக்கொள்வோம்" என்று பிரமிடைப் பற்றி ஒரு கேள்வி நுழையும்.

தாளில் ஐந்து வரிசைகள் போடுங்கள்: கி.மு. 500 வரை, கி.மு. 500 முதல் கி.பி. 500 வரை, 500 முதல் 1450 வரை, 1450 முதல் 1800 வரை, 1800-க்குப் பின். பழங்காலம், இடைக்காலம், நவீன காலம் என்று பெயர் வைக்காமல் ஆண்டுகளை வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தப் பெயர்கள் ஐரோப்பாவின் போக்கை வைத்து வந்தவை. ஐரோப்பாவுக்கு "இருண்ட காலம்" என்று சொல்லப்பட்ட நூற்றாண்டுகளில்தான் பாக்தாத்தில் கிரேக்க நூல்கள் அரபுக்குப் பெயர்ந்துகொண்டிருந்தன, சீனாவில் தாங் அரசு செழித்திருந்தது. பெயர் தவறாக இருந்தால் கேள்வியும் அந்தப் பக்கமே சாயும்.

குறுக்கே ஏழு நிரல்கள்: மேற்காசியாவும் வட ஆப்பிரிக்காவும், சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்கா, ஐரோப்பா, தெற்காசியா, கிழக்காசியாவும் நடு ஆசியாவும், தென்கிழக்காசியாவும் பசிபிக் தீவுகளும், அமெரிக்கக் கண்டங்கள். மொத்தம் 35 கட்டங்கள். எல்லாவற்றையும் நிரப்ப வேண்டியதில்லை. இரண்டு விதிகள் போதும். எந்த நிரலிலும் ஆறுக்கு மேல் போகக்கூடாது, எந்த வரிசையிலும் மூன்றுக்குக் கீழே போகக்கூடாது.

"சில கட்டங்களில் கேட்க ஒன்றுமே இல்லையே" என்று ஒவ்வொரு முறையும் யாராவது சொல்வார்கள். தேடாததால் வரும் பேச்சு இது. கி.மு. 500-க்கு முன் அமெரிக்கக் கண்டங்களில் ஓல்மெக் மக்கள் செதுக்கிய மாபெரும் கல் தலைகள் இருக்கின்றன. பெருவில் காரல் நகரம் இருக்கிறது. அதே காலத்தில் பசிபிக்கில் லபிட்டா மட்பாண்டம் செய்த மக்கள் படகேறி டோங்கா, சமோவா வரை போய்க் குடியேறினார்கள். சகாராவுக்குத் தெற்கே என்றால், நைல் நதியின் மேல்பகுதியை ஆண்ட குஷ் அரசர்கள் கி.மு. எட்டாம் நூற்றாண்டில் எகிப்தையே பிடித்து அதன் 25-ஆம் அரச மரபாக ஆண்டார்கள். வெறும் கட்டம் கண்ணில் உறுத்தினால்தான் இதையெல்லாம் தேடப் போவோம். கட்டத்தின் வேலையே அந்த உறுத்தல்தான்.

கட்டத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் எழுத்தையும் போட்டுவையுங்கள்: போருக்குப் "போ", வணிகத்துக்கு "வ", எழுத்துக்கும் கலைக்கும் "க", அறிவியலுக்கு "அ", நோய்க்கும் மருத்துவத்துக்கும் "நோ". முப்பதில் "போ" பத்தைத் தாண்டினால் நிறுத்திவிடுங்கள். நிலத்தாலும் காலத்தாலும் பரந்திருந்தும், எல்லாமே மன்னரும் போருமாக இருக்கும் வினாடி வினாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

4. கேள்வி அல்ல, செய்தியைத் திரட்டுங்கள்

இப்போது அட்டைகளை எடுங்கள். ஓர் அட்டையில் ஒரு செய்தி: என்ன நடந்தது, எங்கே, எப்போது, ஏன், வேறு எதோடு தொடர்பு. கேள்விக்குறி வேண்டாம். முப்பது கேள்விக்கு அறுபது அட்டையாவது வேண்டும். பாதி உதிர்ந்துவிடும்.

எடுத்த எடுப்பில் கேள்வியாக எழுதினால் நம் கண் விடையாகத் தோன்றும் பெயரிலேயே நிற்கும். செய்தியாக எழுதினால், அதே அட்டையில் இன்னும் நல்ல கேள்வி ஒளிந்திருப்பது தெரியும்.

ஒன்றைக் காட்டுகிறேன். ஓர் அட்டையில் "1526 ஏப்ரல், பானிபட், பாபர் இப்ராகிம் லோடியை வென்றார்" என்று இருந்தது. இன்னோர் அட்டையில் "1526 ஆகஸ்ட், மொஹாச், ஒட்டோமான் சுல்தான் சுலைமான் ஹங்கேரி மன்னரை வென்றார்." தனித்தனியாக வைத்தால் இரண்டும் ஆண்டு கேட்கும் சலிப்பான கேள்விகள். பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் வேறொரு கேள்வி வந்தது: "1526-இல் நாலு மாத இடைவெளியில் பானிபட்டிலும் ஹங்கேரியின் மொஹாச்சிலும் நடந்த இரண்டு போர்களிலும், வென்ற பக்கத்துக்குப் பெரிதும் கைகொடுத்த ஆயுத வகை எது?" விடை பீரங்கி. போரின் பெயர் தெரியாதவரும் அந்த நூற்றாண்டில் என்ன மாறிக்கொண்டிருந்தது என்று யோசித்தால் விடைக்கு வந்துவிடலாம்.

"தொடர்பு" என்ற வரியை அட்டையில் வெறுமையாக விடாதீர்கள். 1206-இல் செங்கிஸ்கான் மங்கோலியரின் தலைவராக அறிவிக்கப்பட்டார். அதே ஆண்டில் டெல்லி சுல்தானகத்தைத் தொடங்கிய குத்புதீன் ஐபக் லாகூரில் ஆட்சிக்கு வந்தார். இப்படி ஒரே ஆண்டில் நடந்தவை, ஒரே பொருளைச் சுற்றி நடந்தவை எல்லாம் இரண்டு நிரல்களை ஒரே கேள்வியில் இணைக்கும்.

5. சரிபாருங்கள், ஐந்து சொற்களைக் கண்டால் மறுபடி சரிபாருங்கள்

ஒவ்வொரு செய்தியையும் ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு இடங்களில் பாருங்கள். ஒரே கட்டுரையை நகலெடுத்த பத்துப் பக்கங்கள் பத்துச் சான்றுகள் ஆகாது. கேள்வி எழுதிய பிறகு சரிபார்ப்பதைவிட, அட்டையாக இருக்கும்போதே சரிபார்ப்பது நல்லது. எழுதி மெருகேற்றிய கேள்வியை எறிய யாருக்கும் மனம் வராது, தவறு தெரிந்தாலும் ஒட்டுப்போடவே பார்ப்போம்.

கீழே உள்ள சொற்கள் வந்தால் நின்று பாருங்கள்.

"முதல்." உலகின் முதல் சட்டத் தொகுப்பு பாபிலோன் மன்னர் ஹம்முராபியுடையது என்று பலரும் எழுதுவார்கள். அதே மெசபடோமியாவில் 'ஊர்' என்ற பெயருள்ள நகரத்தின் மன்னர் ஊர்-நம்முவின் சட்டங்கள் அதற்கும் ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுகள் முந்தியவை. "முதல் பெண் அதிபர்" என்று கேட்டால், 1974-இல் கணவர் இறந்ததால் துணை அதிபர் பதவியிலிருந்து அர்ஜென்டினாவின் அதிபரான இசபெல் பெரோனா, 1980-இல் ஐஸ்லாந்து மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த விக்டிஸ் ஃபின்போகடோட்டிரா? "1980-இல் மக்கள் வாக்கால் அதிபரான பெண்" என்று கேட்டால் சண்டையே இல்லை. உலகின் முதல் பெண் பிரதமர், 1960-இல் சிறிமாவோ பண்டாரநாயக்க என்பது போன்ற சிக்கலற்ற "முதல்"களும் உண்டு. அவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

"கண்டுபிடித்தவர்." "அச்சுக்கலையைக் கண்டுபிடித்தவர் யார்?" என்ற கேள்விக்குப் பதில் இல்லை, பதில்கள் இருக்கின்றன. சீனாவில் 868-இல் மரக்கட்டையில் அச்சான வைரச் சூத்திரம் என்ற பௌத்த நூல் கிடைத்திருக்கிறது. 1040-களில் பீ ஷெங் களிமண்ணால் தனித்தனி எழுத்துகள் செய்தார். கொரியாவில் 1377-இல் உலோக எழுத்துகளைக் கொண்டு ஜிக்ஜி என்ற பௌத்த நூல் அச்சானது. குட்டன்பர்க்கின் பைபிள் 1450-களில் வந்தது. "1450-களில் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் உலோக எழுத்துகளைக் கொண்டு பைபிளை அச்சிட்டவர் யார்?" என்று கேளுங்கள். "அமெரிக்காவைக் கண்டுபிடித்தவர்" என்பதை எழுதவே வேண்டாம். அங்கே ஏற்கெனவே மக்கள் வாழ்ந்தார்கள். கொலம்பஸுக்கு ஐந்து நூற்றாண்டுகள் முன்பே வட ஐரோப்பியக் கடலோடிகளும் வந்துபோயிருக்கிறார்கள்.

"முடிந்தது", "தொடங்கியது." ரோமப் பேரரசு எப்போது வீழ்ந்தது? மேற்குப் பகுதி 476-இல், கிழக்குப் பகுதி 1453 மே 29-இல் கான்ஸ்டான்டிநோபிள் ஒட்டோமான்களிடம் விழுந்தபோது. இரண்டாம் உலகப் போர் 1939 செப்டம்பர் 1-இல் தொடங்கியது என்று ஐரோப்பா சொல்லும். சீனாவும் ஜப்பானும் 1937 ஜூலையிலிருந்தே முழுப் போரில் இருந்தன. "ஐரோப்பாவில்" என்ற ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் கேள்வி நேர்மையாகிவிடும்.

"ஒரே", "மிகப் பெரிய." எதை வைத்துப் பெரியது? பரப்பா, மக்கள்தொகையா, நீடித்த காலமா? அளவுகோலைக் கேள்விக்குள்ளேயே சொல்லுங்கள்.

"அதே நாளில்." ஷேக்ஸ்பியரும் செர்வாண்டசும் 1616 ஏப்ரல் 23 என்ற ஒரே நாளில் மறைந்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. ஸ்பெயின் அப்போதே கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது, இங்கிலாந்து 1752 வரை மாறவில்லை. அந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவே பத்து நாள் இடைவெளி. ரஷ்யாவின் அக்டோபர் புரட்சி நமது நாட்காட்டியில் 1917 நவம்பர் 7 என்பதும் இதே கதைதான்.

இதோடு இன்னொன்று. கி.மு.வையும் கி.பி.யையும் தாண்டும் கணக்கில் கவனம் வேண்டும். சுழியம் ஆண்டு கிடையாது. அகஸ்டஸ் கி.மு. 63-இல் பிறந்து கி.பி. 14-இல் இறந்தார். கூட்டினால் 77 வரும். சுழியம் ஆண்டு இல்லாததால் ஒன்று குறையும். பிறந்தநாள் செப்டம்பரில், இறந்தது ஆகஸ்டில், அதனால் இன்னொன்றும் குறையும். இறக்கும்போது வயது 75. விடைத்தாளில் 77 என்று எழுதியிருந்த ஒரு வினாடி வினாவில் நான் உட்கார்ந்திருக்கிறேன். சரியாகச் சொன்ன பெண்ணுக்கு மதிப்பெண் கிடைக்கவில்லை. அவர் முகம் இன்னும் நினைவிருக்கிறது.

சீனப் பெருஞ்சுவர் நிலவிலிருந்து தெரியும், வைக்கிங் வீரர்கள் கொம்பு வைத்த தலைக்கவசம் போட்டார்கள், உலகம் உருண்டை என்று கொலம்பஸ்தான் நிரூபித்தார் என்பன போன்றவை எத்தனை இடத்தில் எழுதியிருந்தாலும் பிழையே. கிரேக்க அறிஞர் எரடோஸ்தெனிஸ் கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டுவிட்டார்.

6. கேள்வியை எழுதுங்கள்: விடைக்கு ஒரு வழி இருக்கட்டும்

தெரிந்தால் சொல்லலாம், தெரியாவிட்டால் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்ற வகைக் கேள்விகள் நினைவாற்றலை மட்டும்தான் சோதிக்கும். யோசித்து நெருங்க ஒரு வழியைக் கேள்வியே காட்ட வேண்டும். ஒரு கேள்வி எப்படித் திருந்துகிறது என்று பாருங்கள்.

முதல் வரைவு: "மன்சா மூசா எந்த நாட்டு மன்னர்?" பெயரைக் கேள்விப்படாதவருக்கு இதில் ஒன்றுமே இல்லை. "நாடு" என்ற சொல்லும் தவறு. அவர் ஆண்ட மாலிப் பேரரசு இன்றைய மாலி நாட்டைவிடப் பரந்தது.

இரண்டாம் வரைவு: "1324-இல் மக்காவுக்கு யாத்திரை போன, தங்கத்தை வாரி வழங்கிய மேற்கு ஆப்பிரிக்கப் பேரரசர் யார்?" இது பரவாயில்லை. காலமும் இடமும் கிடைத்துவிட்டன. ஆனால் கேட்பது இன்னும் ஒரு பெயரைத்தான்.

மூன்றாம் வரைவு: "1324-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் மாலிப் பேரரசர் மக்காவுக்குப் போகும் வழியில் கெய்ரோவில் தங்கினார். அவர் பரிவாரம் தாராளமாகச் செலவழித்ததில், அந்நகரில் ஒரு பொருளின் மதிப்பு பல ஆண்டுகளுக்குச் சரிந்தது. அது எந்தப் பொருள்?"

விடை தங்கம். பெயரே தெரியாதவரும் மேற்கு ஆப்பிரிக்காவில் என்ன விளைந்தது, எது சகாரா கடந்து வணிகமானது என்று யோசித்தால் போதும். பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியும் தங்கத்தின் மதிப்பு மீளவில்லை என்று அரபு வரலாற்றாசிரியர் அல்-உமரி எழுதிவைத்திருப்பதை விடை சொன்ன பிறகு சொல்லலாம். விடையில் ஏதாவது ஒரு புதுச் செய்தி கிடைத்தால், தவறாகச் சொன்னவரும் வெறுங்கையோடு போக மாட்டார்.

இரண்டு வாசல் வைப்பது இன்னொரு வழி. "சுண்ணச்சாந்து இல்லாமல் கல்லை அடுக்கிக் கட்டிய தென்னாப்பிரிக்கப் பகுதி நகரம். 1980-இல் விடுதலை பெற்ற ஒரு நாடு இதன் பெயரையே சூடிக்கொண்டது. எந்த நகரம்?" தொல்லியல் தெரிந்தவர் முன்வாசல் வழியாக வருவார், இருபதாம் நூற்றாண்டு அரசியல் தெரிந்தவர் பின்வாசல் வழியாக. இருவரும் கிரேட் சிம்பாப்வேயில் சந்திப்பார்கள்.

ஆனால் ஒரு பிழை இந்த வரைவிலேயே இருக்கிறது, கவனித்தீர்களா? "தென்னாப்பிரிக்கப் பகுதி" என்றதும் பலர் தென்னாப்பிரிக்கா என்ற நாட்டுக்குள் தேடத் தொடங்கிவிடுவார்கள். "ஆப்பிரிக்காவின் தெற்குப் பகுதியில்" என்று மாற்றிவிட வேண்டும். துப்பு திசைதிருப்பினால் அது துப்பு அல்ல, பொறி.

கேட்க வேண்டியதைக் கடைசி வாக்கியத்தில், தனியாக, சுருக்கமாகக் கேளுங்கள். நடுவில் கேட்டுவிட்டுப் பிறகு விளக்கம் சேர்த்தால், காதால் கேட்பவர் எதைக் கேட்டீர்கள் என்பதையே விட்டுவிடுவார்.

7. தெரிவு விடைகள் கொடுப்பதாக இருந்தால்

நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், ஒன்றுமே தெரியாதவரும் முப்பதில் ஏழோ எட்டோ வாங்கிவிடுவார். சரியா தவறா என்று கேட்டால் பதினைந்து. அதனால் பாதியையாவது நேரடி விடையாக வையுங்கள்.

தவறான விடைகளை ஏனோதானோ என்று போடாதீர்கள். "1896-இல் அட்வாவில் இத்தாலியப் படையை முறியடித்தது எது?" என்று கேட்டுவிட்டு எத்தியோப்பியா, பிரேசில், ஜப்பான், நார்வே என்று கொடுத்தால் கேள்வியே செத்துவிடும். எத்தியோப்பியா, சூடான், லிபியா, சோமாலியா என்று கொடுங்கள். அவை ஒன்றுக்கொன்று அருகில் இருப்பவை, இத்தாலி பிடித்த நிலங்களும் அதில் உண்டு. இப்போது உண்மையிலேயே யோசிக்க வேண்டும்.

கால வரிசையில் அடுக்கச் சொல்லும் கேள்விகள் எனக்கு மிகவும் பிடிக்கும். அங்கோர்வாட் எழும்பியது, இங்கிலாந்தில் மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய மேக்னா கார்ட்டா சாசனம், மாலிப் பேரரசரின் யாத்திரை, கான்ஸ்டான்டிநோபிள் வீழ்ச்சி. முறையே 12-ஆம் நூற்றாண்டு, 1215, 1324, 1453. நிகழ்வுகளுக்கு நடுவே ஐம்பது ஆண்டுகளாவது இடைவெளி விடுங்கள். அதற்கும் குறைவாக விட்டால் தேதி மனப்பாடம்தான் சோதிக்கப்படும்.

8. விடைக்குறிப்பை அன்றைக்கே எழுதுங்கள்

கேள்வி எழுதிய அதே நாளில், எந்த விடையை ஏற்பீர்கள், எதை ஏற்கமாட்டீர்கள் என்று எழுதிவையுங்கள். மேடையில் நின்றுகொண்டு முடிவு செய்தால் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு வரும்.

மேலே சொன்ன பீரங்கிக் கேள்வியையே எடுங்கள். ஒருவர் "துப்பாக்கி" என்பார், இன்னொருவர் "வெடிமருந்து ஆயுதங்கள்" என்பார். இரண்டு போர்களிலும் துப்பாக்கி வீரர்களும் இருந்தார்கள். ஆகவே இரண்டையும் ஏற்கலாம் என்று குறிப்பில் எழுதிவிட்டேன். "யானை" என்றால் கிடையாது. பானிபட்டில் யானைப் படை தோற்ற பக்கத்தில் இருந்தது.

பெயர்களுக்கும் இதே முறைதான். பைசாண்டியம், கான்ஸ்டான்டிநோபிள், இஸ்தான்புல் மூன்றும் ஒரே நகரம். எந்தக் காலத்தைக் கேட்டாலும் மூன்றையும் ஏற்றுக்கொள்வதே என் வழக்கம். தெமுஜின் என்றாலும் செங்கிஸ்கான் என்றாலும் ஒரே ஆள். எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள், நாம் சோதிப்பது அதை அல்ல.

9. எளிது, நடுத்தரம், கடினம்: பங்கைப் பார்த்து அடுக்குங்கள்

முப்பதில் பத்து எளிதாகவும், பதினான்கு நடுத்தரமாகவும், ஆறு கடினமாகவும் இருந்தால் நன்றாகப் போகும். முதல் கேள்வி எளிதாக இருக்கட்டும், கடினமானவை இரண்டு அடுத்தடுத்து வராமல் இருக்கட்டும். ஒரு நிரலின் கேள்விகளைச் சேர்த்து வைக்காமல் கலைத்துப் போடுங்கள்.

இங்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு பிழை நடக்கும். கட்டத்தில் சமமாக நிரப்பியிருப்போம். ஆனால் ஐரோப்பியக் கேள்விகள் எல்லாம் எளிது என்ற பங்கிலும், ஆப்பிரிக்க, பசிபிக், அமெரிக்கக் கேள்விகள் எல்லாம் கடினம் என்ற பங்கிலும் போய் உட்கார்ந்திருக்கும். ஆடுபவர் மனதில் "அதெல்லாம் யாருக்கும் தெரியாத சங்கதி" என்ற எண்ணமே மிஞ்சும். ஒவ்வொரு நிரலிலும் ஓர் எளிய கேள்வியாவது இருக்க வேண்டும் என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். "கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கணக்கு வைத்த, ஆண்டிஸ் மலைப் பேரரசு எது?" என்றால் பெரும்பாலோர் இன்கா என்று சொல்லிவிடுவார்கள்.

10. வெள்ளோட்டம் பாருங்கள்

வினாடி வினாவுக்கு வராத இரண்டு பேரைப் பிடியுங்கள். ஒருவர் வரலாறு நன்றாகத் தெரிந்தவர், மற்றவர் அதிகம் தெரியாதவர். கேள்வியைப் படித்துவிட்டுப் பேசாமல் இருங்கள். விளக்கம் சொல்லக்கூடாது. "இன்னொரு முறை படியுங்கள்" என்று அவர்கள் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் குறித்துக்கொள்ளுங்கள், அவற்றைத் திருத்தி எழுத வேண்டும்.

வரலாறு தெரிந்தவர் "ஆனால்..." என்று தொடங்கினால் காது கொடுத்துக் கேளுங்கள். மேக்னா கார்ட்டாவில் ஜான் மன்னர் "கையெழுத்திட்டார்" என்று எழுதியிருந்ததை, "முத்திரையிட்டார் என்று இருக்க வேண்டும்" என்று எனக்குத் திருத்திக் கொடுத்தவர் இப்படி ஒருவர்தான்.

11. நடத்தும்போது

கேள்வியை இரண்டு முறை படியுங்கள், இரண்டு முறையும் சொல் மாறாமல். உதிரிக் கேள்விகள் நான்கு கையில் இருக்கட்டும்.

தகராறு வரும். எனக்கு வந்ததைச் சொல்கிறேன். "ரொசெட்டா கல்லில் எத்தனை மொழிகள்?" என்று கேட்டேன். என் தாளில் விடை மூன்று. ஒரு குழு இரண்டு என்றது. அவர்கள் சொன்னதுதான் சரி. அந்தக் கல்லில் இருப்பது மூன்று எழுத்து முறைகள்: ஹீரோகிளிஃப், டெமோட்டிக் (இரண்டும் எகிப்திய எழுத்துகள்), கிரேக்கம். மொழிகள் எகிப்தியமும் கிரேக்கமும் மட்டுமே. அட்டையில் "எழுத்து" என்று எழுதியதைக் கேள்வியில் "மொழி" ஆக்கியிருந்தேன். சபையிலேயே ஒப்புக்கொண்டு, அந்தக் கேள்வியை எல்லோருக்கும் ரத்து செய்து உதிரிக் கேள்வி ஒன்றைக் கேட்டேன். இரண்டு என்றவர்களுக்கு மட்டும் மதிப்பெண் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் மற்ற குழுக்களில் சிலர், நான் எழுத்தைத்தான் கேட்கிறேன் என்று நினைத்து மூன்று என்று எழுதியிருந்தார்கள். பழுது கேள்வியில் இருக்கும்போது ரத்துதான் முறை. விடைத்தாளில் மட்டும் பிழை, கேள்வி தெளிவாக இருந்தது என்றால் சரியாகச் சொன்னவர்களுக்கு மதிப்பெண் கொடுங்கள்.

12. முடிந்த பிறகு அட்டைக்குத் திரும்புங்கள்

ஒவ்வொரு கேள்வியையும் எத்தனை பேர் சரியாகச் சொன்னார்கள் என்று எண்ணி அட்டையின் பின்னால் எழுதுங்கள். எல்லோரும் சொன்னதும் யாருமே சொல்லாததும் எதையும் சோதிக்கவில்லை. இன்னொன்றையும் பாருங்கள். மொத்த மதிப்பெண்ணில் மேலே வந்தவர்கள் தவறவிட்டு, கீழே வந்தவர்கள் சரியாகச் சொன்ன கேள்வி இருந்தால் அதில் ஏதோ கோளாறு. விடை பிழையாக இருக்கும், அல்லது அதிகம் தெரிந்தவரைக் குழப்பும் ஒரு சொல் கேள்வியில் இருக்கும். அதை எடுத்து ஐந்தாம் படியிலிருந்து மறுபடி பாருங்கள்.

நல்ல கேள்விகளை எடுத்துவைத்து வேறு கூட்டத்துக்குப் பயன்படுத்தலாம். ஆனால் "இன்று", "தற்போது", "இப்போதைய பெயர்" என்ற சொற்கள் உள்ள அட்டைகளைத் தனிக் கட்டாக வையுங்கள். ஸ்வாசிலாந்து 2018-இல் எஸ்வாட்டினி ஆனது. மாசிடோனியா 2019-இல் வட மாசிடோனியா ஆனது. அந்தக் கட்டை மட்டும் ஒவ்வொரு முறையும் கேட்பதற்கு முன்தினம் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.